மந்திரத் துடைப்பமும் மிதவை வால்வும்

ஒரு பழைய கதையில், மந்திரவாதி குரு வெளியே போன நேரம் பார்த்துச் சீடன் துடைப்பத்துக்கு உயிர் கொடுக்கிறான். அது வாளி வாளியாகத் தண்ணீர் சுமக்கிறது. தொட்டி நிரம்பிய பிறகும் நிற்கவில்லை, வீடே மூழ்குகிறது. ‘இப்படி மந்திரத்தால் வேலை வாங்குவது நியாயமா? அந்த உழைப்பின் பலன் யாருக்குப் போக வேண்டும்?’ என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் வேலையின் அளவைப் பார்த்துவிடுவோம். 5 மீட்டர் உயரத்தில் 1000 லிட்டர் தொட்டி. 15 லிட்டர் வாளியால் நிரப்ப 67 நடை. ஒவ்வொரு நடையிலும் தண்ணீரை ஏற்ற 735 ஜூல்தான் ஆகிறது. ஆனால் 60 கிலோ எடையுள்ள ஆள் தன் உடம்பையும் ஏற்ற வேண்டுமே, அதற்கு 2940 ஜூல். உழைப்பில் ஐந்தில் நான்கு பங்கு உடம்பைச் சுமப்பதிலேயே போய்விடுகிறது. பம்புக்கு அந்தச் சுமை கிடையாது. பாதித் திறனில் ஓடும் மோட்டார்கூட இதே தொட்டியைச் சுமார் 27 வாட்-மணி மின்சாரத்தில் நிரப்பிவிடும். 10 வாட் பல்பு மூன்று மணி நேரம் எரிந்தாலே அதைவிடக் கூடுதலாக ஆகும். சுமப்பதைப் பொறுத்தவரை துடைப்பம் நம் வீட்டுக்கு எப்போதோ வந்துவிட்டது.

சீடன் திணறியது நிறுத்துவதில். ‘வேலை கொடு, இல்லாவிட்டால் உன்னையே விழுங்கிவிடுவேன்’ என்று மிரட்டும் பூதத்தின் கதையிலும் இதே சிக்கல்தான். அங்கே ஒரு கம்பத்தை நட்டு ஏறி இறங்கிக்கொண்டே இரு என்று சொல்லித் தப்பிக்கிறார்கள். பூதம் நிற்கவில்லை, வீணாகச் சுற்றுகிறது, அவ்வளவுதான். நிஜமாகவே நிறுத்தத் தெரிந்த கருவி மிதவை வால்வு, அதாவது தொட்டிக்குள் மிதந்து குழாயை மூடும் பந்து. நான் அறிந்த எந்த மந்திரத்தைவிடவும் அது அழகானது.

கணக்கைப் பாருங்கள். 10 செ.மீ. விட்டமுள்ள பந்தின் கொள்ளளவு ஏறக்குறைய 520 மி.லி. பாதி மூழ்கினால் தண்ணீர் அதை 260 கிராம் அளவுக்கு மேலே தள்ளும். பந்தின் எடை 60 கிராம் என்று கழித்தால் மிச்சம் 200 கிராம். பந்து கம்பியின் ஒரு முனையில், மறுமுனையில் கீல், குழாய்த் துளையை மூடும் ரப்பர் வில்லையான வாஷர் கீலுக்கு அருகில். கீலிலிருந்து பந்து 20 செ.மீ., வாஷர் 2 செ.மீ. என்று நெம்புகோல் அமைந்தால் அந்த 200 கிராம் வாஷரில் 2 கிலோ விசையாகிறது. எதிரே குழாய்த் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 2 கிலோ வீதம் தள்ளுகிறது. ஆனால் துளை 6 மி.மீ.தான், அதன் பரப்பில் விழும் விசை 0.57 கிலோ. பந்து எளிதாக ஜெயிக்கிறது. தண்ணீர் ஏற ஏறத் துளை கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வருகிறது. உள்ளே வந்த தண்ணீரே இனி வரும் தண்ணீரைத் தடுக்கிறது! பொறியியலில் பின்னூட்டம் (feedback) என்பது இதுதான். அலெக்ஸாண்டிரியாவின் டெசிபியஸ் கி.மு. 3ஆம் நூற்றாண்டிலேயே தன் நீர்க்கடிகாரத்தில் மிதவையால் நீர் வரத்தைச் சீராக்கியதாகச் சொல்வார்கள்.

பழுதாவதும் இந்தக் கணக்கை ஒட்டியே நடக்கும். துளை 12 மி.மீ., குழாய் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 4 கிலோ என்றால் எதிர்விசை 4.5 கிலோ. பந்து முக்கால்வாசிக்கும் மேல் மூழ்கினாலும் சொட்டுவது நிற்காது. அழுத்தம் கூடிய குழாய்க்குச் சிறிய துளையுள்ள வால்வுதான் சரி. பந்தில் ஓட்டை விழுந்து தண்ணீர் புகுந்தால் அது மிதக்காது. வாஷருக்கும் வால்வின் வாய்க்கும் நடுவே ஒரு மணல் துகள் சிக்கினாலும் கசியும். உப்புப் படிந்து கீல் இறுகினால் பந்து நின்ற இடத்திலேயே நிற்கும். சோதிக்க, பந்தைக் கையால் தூக்கிப் பாருங்கள்: தண்ணீர் நின்றால் வாஷர் நலம், கோளாறு பந்திலோ கீலிலோ.

எந்த மட்டத்தில் நிற்க வேண்டும் என்பது மட்டும் வால்வுக்குத் தெரியாது. கம்பியைச் சற்றுக் கீழே வளைத்தால் தொட்டி முன்கூட்டியே நிற்கும், மேலே வளைத்தால் இன்னும் நிரம்பும். வளைப்பது ஒரு மனிதக் கை. வாசகரின் கேள்வி உண்மையில் அந்தக் கையைப் பற்றியது.

துடைப்பத்துக்கு வலி கிடையாது, அதற்கு நாம் கடன்பட்டவர்கள் அல்லர். பேசும், கெஞ்சும் பூதத்தை விளக்கில் அடைத்து வேலை வாங்குவது அடிமைத்தனம். மந்திரம் என்ற பெயரால் அது நியாயமாகிவிடாது. ‘ரோபாட்’ என்ற சொல்லே கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து வந்தது. 1770இல் வியன்னாவில் காட்டப்பட்ட சதுரங்க ‘இயந்திர’த்தின் பெட்டிக்குள் ஓர் ஆட்டக்காரர் ஒளிந்திருந்தார். இன்று செயற்கை நுண்ணறிவுக்குக் கற்றுத்தரப் படம் படமாக அதில் இருப்பதன் பெயரைக் குறிப்பவர்களும் அப்படித்தான் கண்ணில் படுவதில்லை. அவர்கள் கூலியைக் கணக்கில் சேர்க்காமல் ‘தானாக நடக்கிறது’ என்று சொல்வது பொய்.

உள்ளே மனிதர் இல்லாத அசல் இயந்திரத்தின் பலனும் தானாகப் பரவுவதில்லை. பொருளாதார வரலாற்றாளர் ராபர்ட் ஆலனின் கணக்குப்படி, பிரிட்டனில் 1780 முதல் 1840 வரை ஒரு தொழிலாளியின் உற்பத்தி 46 சதவீதம் கூடியது, விலைவாசி உயர்வைக் கழித்த உண்மைக் கூலி 12 சதவீதம்தான் கூடியது. 1811இல் நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தறிகளை உடைத்த லுட்டைட்டுகளை அறிவியலின் எதிரிகள் என்று சொல்வது தவறு. கூலியைக் குறைத்து மட்டமான சரக்கு நெய்தவர்களின் தறிகளைத்தான் அவர்கள் குறிவைத்தார்கள். 1812இல் தறி உடைப்புக்கு மரண தண்டனை வந்தது. இயந்திரத்தை வேகமாக்கும் ஆய்வுக்குக் கொட்டும் பணத்தில் ஒரு பங்கை, மிச்சமான நேரம் யார் கைக்குப் போகிறது என்று அளக்கும் ஆய்வுக்கும் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பிரிட்டனிலும் ஒருநாள் அந்தக் கம்பி வளைந்தது. 1847இல் நெசவாலைப் பெண்களுக்கும் 13 முதல் 18 வயதினருக்கும் நாளுக்கு 10 மணி நேரம்தான் வேலை என்று சட்டம் வந்தது. ஆலை முதலாளிகள் ஆட்களைத் துண்டு துண்டான ஷிப்டுகளில் மாற்றி மாற்றி இறக்கி, யார் எத்தனை மணி நேரம் வேலை பார்த்தார் என்பதைக் கண்டுபிடிக்க முடியாதபடி செய்தார்கள். அந்தக் கசிவை அடைக்க 1850இல் வேலை முழுவதும் காலை 6 முதல் மாலை 6க்குள் முடிய வேண்டும் என்று வரையறுத்தார்கள். அதற்கு ஈடாக வேலை நேரம் பத்தரை மணி ஆனது. குழந்தைத் தொழிலாளர்களையும் அந்த வரம்புக்குள் கொண்டுவர 1853 ஆகிவிட்டது.