தாச்சியில் உருகும் காரீயம்

கார்த்திகை பிறந்துவிட்டால் திருகோணமலைக் கடல் சிறு படகுகளுக்கு இடம் கொடுக்காது. வாடைக்காற்றோடு மழையும் சேர்ந்துகொள்ளும். திருக்கடலூரிலிருந்து புல்மோட்டை வரை படகுகள் கரையேறிக் கிடக்க, ஆண்கள் வீட்டுத் தாழ்வாரத்தில் வலை பொத்திக்கொண்டிருப்பார்கள். வலைக்கும் தூண்டிலுக்கும் வேண்டிய ஈயக் குண்டுகளை வார்ப்பதும் இந்த ஓய்வில்தான். வெளியே மழை என்பதால் அடுப்பு கூரைக்குள் வந்துவிடுகிறது. பல வீடுகளில் அது குசினிக்குப் பக்கத்துக் கொட்டில். சில வீடுகளில் குசினியேதான்.

சில ஆண்டுகளுக்கு முன்பு இப்படியொரு மாரியில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வயிற்றுவலி என்று என்னிடம் வந்தார். முறுக்கிப் பிடிக்கும் வலி, மலச்சிக்கல், தலையிடி, சோர்வு. தொழில் என்ன என்று கேட்டேன். கடற்றொழில் என்றார். நேரத்துக்குச் சாப்பிடாதவர், வெற்றிலை போடுகிறவர், இரைப்பை அழற்சிதான் என்று முடிவுகட்டி மாத்திரை எழுதினேன். மூன்று முறை வந்தார், மூன்று முறையும் அதே மாத்திரை. நான்காவது முறை தன் நான்கு வயது மகளையும் கூட்டிவந்தார். பிள்ளை வெளிறிப்போயிருந்தாள். முன்பெல்லாம் ஓயாமல் கதைப்பவள், இப்போது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கவும் நேரம் எடுக்கிறாள் என்றார் தாய். அப்போதுதான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி எனக்கு வந்தது: கடலுக்குப் போகாத நாட்களில் என்ன செய்வீர்கள்?

“ஈயம் ஊற்றுவேன் டொக்டர். எனக்கும் ஊற்றுவேன், கேட்பவர்களுக்கும் ஊற்றிக் கொடுப்பேன்.”

குருதி மாதிரிகளைக் கொழும்புக்கு அனுப்பினோம். ஒரு டெசிலீற்றர் குருதியில் தகப்பனுக்கு 61 மைக்ரோகிராம் ஈயம், மகளுக்கு 28. உலக சுகாதார அமைப்பின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி 5 இருந்தாலே ஈயம் எங்கிருந்து வருகிறது என்று தேடத் தொடங்க வேண்டும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. ஈயம் ஏறியவரின் பல் ஈறில் தெரியும் என்று பாடநூல்கள் சொல்லும் நீல நிறக் கோட்டைத் தேடித் தகப்பனின் ஈறைப் பார்த்தேன். வெற்றிலைக் கறைக்குள் எந்தக் கோட்டைக் கண்டுபிடிப்பது?

நம் மொழியிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசிச் சமைத்தவர்கள் நம் பாட்டிமார். அது வெள்ளீயம், வேறொரு உலோகம். வலையில் கட்டுவது காரீயம். இரண்டையும் வெறுமனே ‘ஈயம்’ என்று சொல்லிப் பழகியதால், ஒன்றின் நற்பெயர் மற்றதற்கும் கிடைத்துவிட்டது. “ஈயம் பூசிய பானையில் சமைத்துச் சாப்பிட்டு என் அம்மம்மா தொண்ணூறு வரை இருந்தாரே” என்று என்னிடம் வாதாடியவர்கள் உண்டு.

அந்த மீனவர் கவனமில்லாதவர் அல்லர். உருக்கும்போது புகை தன்மேல் படாதபடி காற்று வரும் பக்கம் நிற்பார், முகத்தில் சாரம் கட்டுவார், பிள்ளையைக் கிட்ட விடமாட்டார். புகைதான் நஞ்சு என்பது அவர் கணக்கு. அது பாதிதான் சரி. காரீயம் 327.5 பாகை செல்சியசில் உருகும். 500 பாகைக்கு மேலே போனால் கண்ணுக்குத் தெரியாத ஈய ஆவி கணிசமாக எழும். விறகடுப்பில் யாரும் வெப்பமானி வைப்பதில்லை, எனவே புகையும் ஆபத்துத்தான். ஆனால் நெருப்பு அணைந்த பிறகும் மாதக்கணக்கில் வீட்டுக்குள் கிடப்பது தூசி. உருகிய ஈயத்தின் மேல் சாம்பல் நிறத்தில் ஓர் ஆடை படியுமே, அதில் பெரும்பங்கு ஈய ஒட்சைட்டு. அதை அகப்பையால் வழித்து முற்றத்தில் தட்டுகிறார்கள். தரையில் சிந்தியதைத் தும்புத்தடியால் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட அது காற்றில் எழுந்து பாயிலும் பானையிலும் படிகிறது. கோழி முற்றத்தைக் கிளறுகிறது, அதன் முட்டைக்கும் ஈயம் போய்விடுகிறது. அதே சாரத்தோடு அப்பா பிள்ளையைத் தூக்கி மடியில் வைக்கிறார்.

பிள்ளை தவழ்கிற, விரல் சூப்புகிற வயதில் இருந்தால் சொல்லவே வேண்டாம். விழுங்கிய ஈயத்தில் வளர்ந்தவரின் குடல் ஏறக்குறைய பத்திலொரு பங்கை உறிஞ்சும், சிறுபிள்ளையின் குடல் பாதியளவுகூட உறிஞ்சக்கூடும். இரும்புச்சத்துக் குறைந்த உடலில் அது இன்னும் கூடும். குருதியில் உள்ள ஈயம் பாதியாகக் குறைய ஒரு மாதமளவில் ஆகும், எலும்பில் போய்த் தங்கியதோ பல பத்தாண்டுகள் இருக்கும். பெண் பிள்ளை வளர்ந்து கருவுறும்போது எலும்பிலிருந்து சுண்ணாம்புச் சத்தோடு அதுவும் கரைந்து அடுத்த தலைமுறைக்குப் போகலாம்.

பழைய பற்றரியை உடைத்து ஈயம் எடுப்பவர்களிடம் மட்டும் நான் குரலை உயர்த்திவிடுவேன். பற்றரித் தட்டில் இருப்பது வெறும் உலோகம் அல்ல. ஈயத்தின் ஒட்சைட்டும் சல்பேற்றும் தூளாக அப்பியிருக்கும், கூடவே அமிலம். செனகல் நாட்டின் தலைநகர் டக்காருக்கு அருகே தியாரோய் சூர் மேர் என்றொரு மீனவக் குடியிருப்பு இருக்கிறது. அங்கேயும் நம்மவர்களைப் போலப் பற்றரி ஈயத்தில் வலைக் குண்டு செய்துவந்தார்கள். பிறகு ஈயத்தின் விலை ஏறவே, பற்றரிக் கழிவு கலந்த மண்ணை வீட்டுக்குக் கொண்டுவந்து சலித்து விற்கத் தொடங்கினார்கள். 2007 நவம்பருக்கும் 2008 மார்ச்சுக்கும் இடையில் அங்கே 18 சிறுபிள்ளைகள் இறந்தார்கள்.

எண்ணெய் பற்றியும் கேட்கிறார்கள். குண்டு ஒட்டாமல் கழன்று வர அச்சில் தேங்காய் எண்ணெய் தடவுவது வழக்கம். வார்த்த குண்டிலும் எண்ணெய் பூசினால் ஈயம் கையில் படாது என்று சிலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் வீட்டுக் கொட்டிலில் துப்பாக்கிக் குண்டு வார்ப்பது சட்டம் அனுமதிக்கும் பொழுதுபோக்கு. (இங்கே செய்தால் முதலில் வருவது பொலிஸ், பிறகுதான் நோய்.) சுடும்போது துப்பாக்கிக் குழலுக்குள் ஈயம் அப்பாமல் இருக்க, அவர்கள் மெழுகு கலந்த திரவ மசகைக் குண்டில் பூசி உலர விடுகிறார்கள். அது குழலுக்கான மசகு, விரலுக்கான கவசம் அல்ல. எண்ணெய்ப் பசையுள்ள கையில் தூசி இன்னும் நன்றாக ஒட்டும். அந்தக் கையால்தான் நாம் பாணைப் பிய்க்கிறோம்.

துப்பாக்கிக் குண்டு என்றதும் இந்த மாவட்டத்தில் இன்னொரு கேள்வி எழும். போர்க் காலத்தில் பட்ட சன்னம் உடலில் இருக்கிறதே, அது நஞ்சாகுமா? தசையில் கிடப்பதைச் சுற்றித் தழும்பு கட்டிவிடும், பெரும்பாலும் தொந்தரவு இல்லை. ஆனால் மூட்டுக்குள் நிற்கும் ஈயத்தை மூட்டுத் திரவம் மெல்லக் கரைக்கும். முழங்காலிலோ இடுப்பிலோ சன்னத்தோடு வாழ்பவர்கள், ஆண்டுகள் பல கடந்திருந்தாலும், ஒருமுறை குருதியில் ஈயம் பார்த்துக்கொள்வது நல்லது.

ஈயத்தை விடுங்கள் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்கு எளிது. இதே பாரம் இரும்பில் வேண்டுமென்றால் குண்டு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு பெரிதாகும். இங்கிலாந்தில் தூண்டில் ஈயத்தை விழுங்கி அன்னப்பறவைகள் செத்ததால் 1987 தொடக்கம் சிறிய தூண்டில் ஈயங்களின் விற்பனையைத் தடை செய்தார்கள். இங்கே கையால் வார்த்தே ஆகவேண்டும் என்பவருக்கு நான் சொல்வது இவ்வளவுதான். வீட்டிலும் வளவிலும் வேண்டாம், மழையில்லாத நாளில் பிள்ளைகள் விளையாடாத வெளியிடத்தில் செய்யுங்கள். அச்சும் போடும் ஈயமும் துளி ஈரமில்லாமல் காய்ந்திருக்க வேண்டும். உருகிய ஈயத்துக்குள் நீர்த்துளி அகப்பட்டால் நொடியில் ஆவியாகி ஈயத்தை முகத்தில் வாரியடிக்கும். அந்தத் தாச்சி சமையலுக்குத் திரும்பக் கூடாது. முகத்தில் கட்டும் சாரம் ஈய ஆவியைத் தடுக்காது. தூசியைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடையுங்கள். கையைச் சவர்க்காரமும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள், கைக்குத் தடவும் மதுசாரத் திரவம் ஈயத்தை அகற்றாது. உடுப்பை மாற்றிக் குளித்த பிறகு பிள்ளையைத் தூக்குங்கள், அந்த உடுப்பைத் தனியாகத் தோயுங்கள். சிறிய ஈயத்தைப் பல்லால் கடித்து நூலில் இறுக்கும் பழக்கத்தை இன்றே விடுங்கள்.

பால் குடித்தால் முறிந்துவிடும் என்பது வெறும் ஆறுதல். நெத்தலியும் கீரையும் பிள்ளை புதிதாக உறிஞ்சுவதைக் குறைக்க உதவும், உள்ளே போனதை வெளியே எடுக்காது. ஈயத்தைப் பிணைத்து வெளியேற்றும் மருந்துகள் இருக்கின்றன. ஆனால் அந்த 2021 வழிகாட்டல் சிறுபிள்ளைகளுக்கு அவற்றைப் பரிந்துரைப்பது 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருக்கும்போதுதான். தூசி நிறைந்த வீட்டுக்கே திரும்பிப் போகும் பிள்ளைக்கு அந்த மருந்தும் கைகொடுக்காது.

அந்தச் சிறுமிக்கு மருந்து தேவைப்படவில்லை. கொட்டிலின் மேல்மண்ணை வெட்டியெடுத்து, தரைக்குச் சீமெந்து போட்டு, வீட்டை ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, ஐந்து மாதத்தில் 28 என்பது 16 ஆனது. இரும்புச்சத்துப் பாணியும் கொடுத்தோம். மறுபடி கதைக்கிறாள், முன்பு போல என்று தாய் சொல்கிறார், நான் இன்னும் அப்படிச் சொல்லத் துணியவில்லை. தகப்பனை விசேட வைத்திய நிபுணரிடம் அனுப்பினேன், வயிற்றுவலி நின்றுவிட்டது. சென்ற மாரியில் தூண்டிலுக்கு இரும்பு நட்டுகளைக் கட்டிப் பார்த்தாராம். உப்பில் துருப்பிடித்து நூலை அறுக்கிறது, வேறு ஏதாவது இருக்கிறதா டொக்டர் என்று கேட்டார். சுட்ட களிமண் குண்டு செய்துபார்க்கலாமே என்றேன். “அது கடலுக்குள் போவதற்குள் மீன் போய்விடும்” என்று சிரித்தார்.