கத்தரிப்பூவை உலுக்கும் கருவண்டு

திருநகர் வாசகி ஒருவர் கேட்கிறார்: மொட்டை மாடியில் பத்துக் கத்தரிச்செடி, பூவுக்குக் குறைவில்லை, காய்தான் பிடிக்கவில்லை. பூச்சி வராமலிருக்க நெருக்கமான வலை கட்டியிருக்கிறாராம். பக்கத்து வீட்டு அத்தை சொன்னதால் மூங்கில் கம்பில் திருஷ்டி பொம்மையும் ஏறிவிட்டது.

சித்திரை வெயிலென்றால் பூ உதிரத்தான் செய்யும். இவர் எழுதியது தை மாதம். எனக்குச் சந்தேகம் வலைமேல்தான்.

மகரந்தம் சூல்முடியில் ஒட்டும், குழாய் முளைத்துச் சூலகத்துக்குள் இறங்கும், கருவுறும். பள்ளியில் படித்ததுதான். கத்தரியில் சிக்கல் அதற்கும் முன்னால் இருக்கிறது. செம்பருத்தியைத் தொட்டால் விரலில் மஞ்சள் ஒட்டும். கத்தரிப்பூவின் மஞ்சள் கூம்பைத் தடவிப் பாருங்கள், ஒன்றும் வராது. அதன் மகரந்தப்பைகள் வெடித்துத் திறப்பதில்லை. ஒவ்வொன்றின் நுனியிலும் இரண்டு பொடித்துளைகள், அவ்வளவே. முகப்பவுடர் டப்பா மாதிரி. குலுக்கினால்தான் கொட்டும். காற்று ஓரளவு குலுக்கும். கைப்பிடிச்சுவருக்குள், வலைக்குள் அந்தக் காற்றும் குறைவு.

நன்றாகக் குலுக்குவது கருவண்டு. வண்டு என்கிறோமே தவிர, அதுவும் தேனீ இனம்தான். பூவில் தேன் கிடையாது, மகரந்தம்தான் கூலி. கூம்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை மடக்கியபடியே பறக்கும் தசையை மட்டும் அதிரவிடும். கிளட்சைப் பிடித்துக்கொண்டு ஆக்சிலேட்டரை முறுக்கினால் வண்டி நகராமல் உறுமுமே, அதேதான். பறக்கும்போது கேட்கும் ரீங்காரத்தைவிட இந்த ஒலி சுருதி கூடியது. செடிப்பக்கம் காது வைத்தால் தெரியும். தேன்கூட்டுத் தேனீக்கு இந்த வித்தை வராது.

நம்பாமல் நானே செய்து பார்த்தேன். பள்ளி ஆய்வகத்து 512 ஹெர்ட்ஸ் இசைக்கவையைத் தட்டிப் பூவில் வைத்தேன். கீழே பிடித்த கறுப்புத் தாளில் வெளிர்மஞ்சள் தூள் புகைபோல் இறங்கியது. அன்று முழுக்க வேறு வேலை ஓடவில்லை.

தேன் கொடுப்பதால் தேனீக்குப் பெட்டியும் மானியமும் உண்டு. நயா பைசா தராத கருவண்டுக்கு, உத்தரத்தைத் துளைக்கிறதென்று விளக்குமாற்று அடி. இதை ஆராயவும் நாலு காசு ஒதுக்கலாம் என்பது என் கட்சி.

வாசகிக்கு: காலையில் வலையைத் தூக்கிவிடுங்கள். கருவண்டு வரத் தொடங்கும்வரை பூக்காம்பை விரலால் சுண்டிவிடலாம். சூல்தண்டு குட்டையாகக் கூம்புக்குள்ளேயே நிற்கும் பூக்கள் எப்படியும் உதிரும், அவற்றுக்காக வருந்த வேண்டாம். பொம்மையும் இருக்கட்டும். அந்த மூங்கில் கம்பின் நுனி திறந்திருந்தால், கருவண்டு அதிலேயே குடிவந்தாலும் வரும்.