எல்லோருக்கும் ஐடி வேலை: பெங்களூருவில் கன்சல்டன்சி தொடங்குபவர்கள் ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

பெங்களூருவில் ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுத்துத் தரும் கன்சல்டன்சிகளுக்குக் குறைவில்லை. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்கள், வீட்டில் முதல் ஆளாகப் பட்டம் வாங்கியவர்கள் ஆகியோருக்கு வழி செய்ய வேண்டும் என்ற நோக்கத்தோடு தொடங்கப்படுபவையும் அவற்றில் உண்டு. அவற்றில் பல, கொஞ்ச காலத்திலேயே மற்றவர்களைப் போல அதே நாலு கல்லூரிப் பிள்ளைகளின் ரெஸ்யூமேக்களை அனுப்ப ஆரம்பித்துவிடுகின்றன. காரணத்தை அவர்கள் கையெழுத்துப் போட்ட கட்டண ஒப்பந்தத்தில்தான் தேட வேண்டும்.

வழக்கமான ஏற்பாடு இதுதான்: ஆள் வேலையில் சேர்ந்தால் மட்டுமே பணம், ஆண்டுச் சம்பளத்தில் 8.33 சதவீதம், அதாவது ஒரு மாதச் சம்பளம். ஒரே வேலையை நாலைந்து கன்சல்டன்சிகளிடம் கொடுப்பார்கள். யார் முதலில் புரொஃபைலை அனுப்பினாரோ அந்த ஆள் அவர் கணக்கு. எனவே வேகம்தான் எல்லாம். மூன்று வருடம் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வேலைக்குத் திரும்பும் ஒரு டெஸ்டரோடு (மென்பொருளைச் சோதிப்பவர்) ஒரு மணி நேரம் பேசி, அவருக்கு என்ன கைவசம் இருக்கிறது என்று புரிந்துகொள்வதற்குள், போட்டியாளர் பத்து ரெஸ்யூமே ஏற்றியிருப்பார். வேகத்துக்குக் கூலி தரும் ஒப்பந்தத்தில் நல்லெண்ணம் நீண்ட நாள் தாங்காது.

ஆகவே முதல் நிபந்தனை: ஒவ்வொரு வேலையும் மூன்று அல்லது நாலு வாரம் உங்களிடம் மட்டுமே இருக்கும் என்று எழுதி வாங்குங்கள். கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கேளுங்கள். புதுக் கம்பெனிக்கு முன்பணம் தர மறுப்பார்கள். அப்போதும் அந்த மூன்று வாரத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டாவது, கட்டணத்தை ஆளின் சம்பளத்தோடு கட்டாமல் அந்த வேலைக்கு ஒதுக்கிய பட்ஜெட்டோடு கட்டுங்கள். ஒரு வேலைக்கு 24 லட்சம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று வையுங்கள். ‘இப்போதைய சிடிசியோடு 30 சதவீதம்’ (சிடிசி என்பது ஆண்டு மொத்தச் சம்பளம்) என்ற பழக்கத்தின்படி, 18 லட்சம் வாங்குபவருக்கு 23.4 லட்சம் கிடைக்கும். அதே வேலையைச் செய்யக்கூடிய, 11 லட்சத்தில் இருக்கும் பெண்ணுக்கு 14.3 லட்சம்தான். இடைவெளிக்குப் பின் வருபவருக்கோ இப்போதைய சிடிசி என்பதே கிடையாது. பழைய அநியாயம் புதிய ஆஃபரிலும் தொடர்கிறது. அவருக்காக வாதாடுவது கன்சல்டன்சியின் கடமை. கட்டணம் நிலையாக இருந்தால், குறைந்த சம்பளக்காரரை அனுப்பினால் வருமானம் குறையுமே என்ற கணக்கும் உங்கள் ஆட்களின் மனதில் வராது.

‘பெண்ணை எடுத்தால் கூடுதலாக ஒரு சதவீதம்’ என்று சில கம்பெனிகள் தரும் டைவர்சிட்டி போனஸை வாங்க வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. அந்தச் செய்தி டீமுக்குப் போய்ச் சேரும். திறமையால் வந்தவருக்கும் ‘கோட்டாவில் வந்தவர்’ என்ற பெயர் ஒட்டிக்கொள்ளும். அதே பணத்தை ஜேடியை, அதாவது வேலை விவரக் குறிப்பைத் திருத்தவும், நேர்காணல் எடுக்கும் பேனலுக்குப் பயிற்சி தரவும் கேளுங்கள்.

ஜேடியில்தான் பாதிப் பேர் கழிகிறார்கள். ‘பத்தாம் வகுப்பிலிருந்து எல்லாவற்றிலும் 60 சதவீதம்’ என்ற வரியைப் பாருங்கள். தர்மபுரியில் தமிழ் வழியில் படித்து, பிளஸ் டூவில் 57 வாங்கி, பிறகு ஆறு வருடம் ஜாவாவில் உழைத்தவர் இந்த வரியில் விழுகிறார். அவர் இன்று எழுதும் புரோகிராமுக்கும் அந்த மார்க்குக்கும் சம்பந்தமில்லை. ‘ஆறு மாதத்துக்கு மேல் வேலையில் இடைவெளி கூடாது’ என்பது பிரசவத்துக்கு வேலையை விட்டவர்களைக் கழிக்கிறது. ‘உடனே சேர வேண்டும்’ என்பது வேலையை விட 90 நாள் நோட்டீஸ் தர வேண்டிய எல்லோரையும் கழிக்கிறது. ‘சரளமான ஆங்கிலம்’ என்று எழுதியிருந்தால், யாரோடு என்ன பேச வேண்டும் என்று கேளுங்கள். வாரம் ஒரு வெளிநாட்டு போன் அழைப்பு என்றால் அதற்குத் தேவையான அளவே போதும்.

பெயரே ஒருவரை வெளியே நிறுத்தும் என்பதற்குச் சான்று உண்டு. ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட், பால் அட்டவெல் இருவரும் 2007-ல் வெளியிட்ட ஆய்வில், செய்தித்தாள் வேலை விளம்பரங்களுக்கு ஒத்த தகுதியுள்ள விண்ணப்பங்களை வெவ்வேறு பெயர்களில் அனுப்பினார்கள். தலித் பெயருக்கும் முஸ்லிம் பெயருக்கும் உயர்சாதி இந்துப் பெயரைவிட அழைப்புகள் குறைவாகவே வந்தன. எனவே முதல் கட்டத்தில் பெயர், படம், அப்பா பெயர், பிறந்த தேதி, திருமண நிலை, ஊர், பள்ளி எல்லாவற்றையும் எடுத்துவிட்டு அனுப்புங்கள். மென்பொருளே வடிகட்டட்டும் என்று நினைப்பது ஆபத்து. அமேசான் உருவாக்கிய அப்படிப்பட்ட கருவி பெண்களின் ரெஸ்யூமேக்களைத் தாழ்த்தியதும், அது கைவிடப்பட்டதும் 2018-ல் வெளியே வந்தது.

மாற்றுத்திறனாளிகள் விஷயத்தில் கோளாறு பெரும்பாலும் தேர்வுத் தளத்தில்தான். ஸ்கிரீன் ரீடர் (திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் மென்பொருள்) வைத்து வேலை செய்யும் பார்வையற்றவருக்கு, பல கோடிங் டெஸ்டுகளின் எடிட்டர் பெட்டியில் கர்சர் எங்கே நிற்கிறது என்றே கேட்காது. கேமரா வழியாகக் கண் அசைவைப் பார்க்கும் கண்காணிப்பு, அவர் திரையைப் பார்க்கவில்லை என்று எச்சரிக்கை கொடுக்கும். இலவசமாகக் கிடைக்கும் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடரை நிறுவி, மவுஸைத் தொடாமல் அந்த டெஸ்ட்டை முதலில் நீங்களே ஒருமுறை முடித்துப் பாருங்கள். முடியவில்லை என்றால், கேள்வியைச் சாதாரண டெக்ஸ்ட் ஃபைலாகக் கொடுத்து அவருடைய எடிட்டரிலேயே எழுதச் சொல்லுங்கள். பொதுத் தேர்வுகளில் மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தருவது நடைமுறை. அதையே அளவாக வைக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி ஒவ்வொரு நிறுவனமும் சம வாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன் அதைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

திருநர்களுக்குச் சிக்கல் வருவது ஆஃபருக்குப் பின். பட்டச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர், பிஎஃப் கணக்கில் இன்னொன்று. பின்னணிச் சோதனை செய்யும் ஏஜென்சி பழைய மேலாளருக்கு போன் போட்டால், வேலைக்குச் சேரும் திருநர் யாரிடமும் சொல்லாதது வெளியே வந்துவிடும். எந்தப் பெயரில், யாரைக் கேட்பது என்பதை அவரிடம் பேசி முடிவு செய்து, ஹெச்ஆரில் ஒரே ஒருவருக்கு மட்டும் தெரிவிக்கும்படி எழுத்தில் வாங்குங்கள். யாருடைய ரெஸ்யூமேயையும் அவர் சம்மதமில்லாமல் அனுப்பக் கூடாது. வேலை தேடுபவரிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது.

பணப்புழக்கம் பற்றி: ஆள் தேட ஒரு மாதம், நோட்டீஸ் மூன்று மாதம், பில் பாஸாக ஒன்றரை மாதம். முதல் வருமானத்துக்கு ஏறக்குறைய ஆறு மாதம் ஆகும்; அத்தனை மாதச் செலவைக் கையில் வைத்திருங்கள். ஒரு லட்சம் பில்லுக்கு 18,000 ஜிஎஸ்டி, கிளையன்ட் பணம் தராவிட்டாலும் மறுமாதமே கட்ட வேண்டும். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு எடுத்துவிடுங்கள்; குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006 குறு, சிறு, நடுத்தரத் தொழில் வளர்ச்சிச் சட்டம் சொல்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பக் கேட்டால், 1983 குடிபெயர்வுச் சட்டத்தின் கீழ் பதிவு இல்லாமல் தொடவே வேண்டாம்.

கடைசியாக, 90 நாள் மாற்று ஆள் உத்தரவாதம். சேர்ந்தவர் அதற்குள் விலகினால் இலவசமாக வேறு ஆள் தர வேண்டும் என்ற இந்த விதியைப் பார்த்துத்தான் பல கன்சல்டன்சிகள் ‘ரிஸ்க்’ இல்லாதவரையே அனுப்புகின்றன. கூடவே ஒரு வரி சேருங்கள்: ஆஃபரில் ஒப்புக்கொண்ட ஸ்கிரீன் ரீடர், அலுவலக வண்டி, வீட்டிலிருந்து வேலை நாட்கள், வேலை நேரம் ஆகியவற்றைக் கம்பெனி தராததால் ஒருவர் விலகினால் உத்தரவாதம் பொருந்தாது. சேர்ந்த முதல் வாரம், 30-ஆம் நாள், 60-ஆம் நாள் என மூன்று முறை அவருக்கு போன் செய்து இவை கிடைத்தனவா என்று கேட்டு, பதிலை அன்றே ஹெச்ஆருக்கு மெயிலில் அனுப்பி வையுங்கள்.