ஈரம் வேறு, தேங்கல் வேறு

"அவுட்ஹவுஸ் பின்னால் எப்போதும் ஈரமாகவே கிடக்கிறது, அங்கே ஹைட்ராஞ்சியா பூச்செடி வைத்துவிடலாமா?" நீலகிரியில் தோட்டப் பராமரிப்பைத் தொழிலாகச் செய்யும் என்னிடம் மழைக்காலம் தவறாமல் யாராவது கேட்கும் கேள்வி இது. வைக்கலாம். ஆனால், அந்த ஈரம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்த்த பிறகு.

குன்னூர்ப் பக்கம் ஒரு பழைய பங்களா. தகரக் கூரை போட்ட விறகுக் கொட்டகையின் சுவரை ஒட்டி ஆறு செடிகள். கொட்டும் ஜூலை மழையிலும் இலைகள் துவண்டு தொங்கின. தண்ணீர் போதவில்லை என்று நினைத்துத் தோட்டக்காரர் வாளி வாளியாக ஊற்றிக்கொண்டிருந்தார். ஒன்றை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் கறுத்து, தோல் கழன்று, சாக்கடை வாடை. கூரைத் தண்ணீர் முழுவதும் அங்கே விழுந்து, வெளியேற வழியில்லாமல் நின்றிருக்கிறது. காற்றில்லாமல் வேர் அழுகினால் தண்ணீரை உறிஞ்ச முடியாது; ஈரத்துக்கு நடுவிலேயே செடி வாடும்.

நடுவதற்கு முன் ஓரடி ஆழத்தில் குழி வெட்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். மறுநாள் காலையிலும் நின்றால் வாய்க்கால் வெட்டுங்கள், அல்லது மண்ணை மேடாக்கி நடுங்கள். கூரைத் தண்ணீர் விழும் கோட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து மூன்றடியாவது தள்ளி.

பிழைத்திருந்த இரண்டு செடிகளும் இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. அவற்றிலிருந்தே பதியம் போட்டு வேலியோரம் வைத்த செடியில் பூ நல்ல நீலம்! வேறு ரகம் என்று வீட்டுக்காரர் சாதித்தார். ரகம் ஒன்றுதான். இந்த மலை மண் புளிப்பானது, அதாவது அமிலத்தன்மை கொண்டது. அதிலுள்ள அலுமினியத்தை வேர் எடுத்துக்கொள்வதால் பூ நீலமாகிறது. பழைய சுவரின் சுண்ணாம்புக் காரை கரைந்து இறங்கும் இடத்தில் புளிப்பு குறைகிறது, அலுமினியம் வேருக்குக் கிடைக்காமல் போகிறது. நீலம்தான் வேண்டும் என்பவர்களுக்குச் சுவரை விட்டுத் தள்ளி நட இன்னொரு காரணம். வெள்ளை ரகங்களிடம் இந்த வித்தை பலிக்காது.

கத்தரிப்பதைப் பூ முடிந்த கையோடு செய்துவிடுங்கள். நம் பக்கம் அதிகம் காணும் பெரிய பூங்கொத்து வகை, சென்ற ஆண்டுக் கிளையில்தான் மொட்டு வைக்கும்; ஜனவரியில் அழகு பார்த்து வெட்டினால் அந்த ஆண்டு இலைதான்.

வெட்டிய கிளைகளை வேலிக்கு அப்பால் வீசாதீர்கள். இலையிலும் மொட்டிலும் சயனைடு விடுவிக்கும் பொருள் இருக்கிறது. ஆடு மாடு தின்றால் ஆபத்து. இதை அந்தத் தோட்டக்காரரிடம் இரண்டு முறை சொன்னேன். கொட்டகையின் மறுபாதியில் அவருடைய கன்றுக்குட்டி கட்டியிருந்தது.