என்கிரிப்ஷன்: மறையாக்கமா, குறியாக்கமா?

கிரேக்கத்தில் ‘கிரிப்டோஸ்’ என்றால் மறைந்திருப்பது. அந்த வேரிலிருந்து வந்ததுதான் என்கிரிப்ஷன்: சாவி இல்லாதவருக்குப் புரியாதபடி தகவலை உருமாற்றுவது. தமிழில் இதற்குக் குறியாக்கம், மறையாக்கம் என்று இரண்டு சொற்கள் புழங்குகின்றன. என் ஓட்டு மறையாக்கத்துக்கு. எழுத்துகளை எண்களாக்கும் யூனிகோடு வேலையையும் குறியாக்கம் என்றுதானே சொல்கிறோம்? அதைத் திருப்பிப் படிக்கச் சாவி எதுவும் வேண்டாம். ‘மறை’ இரகசியத்தைக் குறிப்பதும் பழைய வழக்குதான். கேட்ட மறையைப் பிறரிடம் கொண்டுபோய்ச் சொல்லும் கயவரை, அடிக்கப்படும் பறைக்கு ஒப்பிடுகிறது குறள் (1076).

சட்டமும் இரண்டையும் பிரித்தே பார்க்கிறது. யூனிகோடு நிரலுக்கு இல்லாத கட்டுப்பாடு மறையாக்க நிரலுக்கு உண்டு. 1996 வரை அமெரிக்காவில் அது போர்த்தளவாடப் பட்டியலில் இருந்தது; உரிமம் இல்லாமல் வெளிநாட்டுக்கு அனுப்பினால் ஆயுத ஏற்றுமதிக் குற்றம். 1991-ல் அமெரிக்க நிரலாளர் ஃபில் சிம்மர்மன் வெளியிட்ட, மின்னஞ்சல்களை மறையாக்கும் பிஜிபி மென்பொருள் இணையம் வழியாக நாடு கடந்து பரவ, அவர்மீது விசாரணை தொடங்கியது. 1996 ஜனவரியில் வழக்கே தொடராமல் அதைக் கைவிட்டார்கள்.

இதில் ஒரு கூத்தும் நடந்தது. மறையாக்கம் பற்றிய பாடநூல் ஒன்றை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடையில்லை என்றது அமெரிக்க வெளியுறவுத் துறை. அதில் அச்சாகியிருந்த அதே நிரல் பிளாப்பி வட்டில் இருந்தால் மட்டும் தளவாடமாம்! இது 1994-ல். பிஜிபிக்காரர்கள் இந்த ஓட்டையைப் பிடித்துக்கொண்டார்கள். நிரல் முழுவதையும் புத்தகமாக அச்சிட்டுச் சட்டப்படியே வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1997-ல் ஐரோப்பாவில் தன்னார்வலர்கள் ஆயிரக்கணக்கான பக்கங்களை ஸ்கேன் செய்து, பிழை திருத்தி, மறுபடி மென்பொருளாக்கினார்கள்.

இதற்கிடையே 1996 இறுதியில், மறையாக்க ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தும் பொறுப்பு அமெரிக்க வணிகத் துறைக்கு மாறியது. 2000-ல் விதிகள் வெகுவாகத் தளர்ந்தன. ஆயுதங்கள் போன்றவற்றின் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த நாடுகள் செய்துகொண்டது வாசனார் உடன்பாடு. இன்று அதில் உள்ள 42 நாடுகள் மறையாக்கத்தை ‘இருபயன் பொருள்’ என்று வகைப்படுத்துகின்றன. படைக்கும் உதவும், பொதுமக்களுக்கும் உதவும் என்பது பொருள். இந்தியா 2017-ல் சேர்ந்தது. உடன்பாடு தானாகச் சட்டமாகிவிடாது. அந்தந்த நாடு தன் சட்டத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

யாரும் எடுத்து, மேலும் பரப்பத் தடையின்றி வெளியிட்ட மென்பொருளுக்கு வாசனார் பட்டியலில் விலக்கு உண்டு. பதிப்புரிமை இருந்தாலும் விலக்கு போகாது. கட்டற்ற மென்பொருள் எழுதுவோர் பலருக்கு நிழல் தருவது இந்த வரிதான். அமெரிக்காவிலிருந்து மூலநிரலைத் திறந்து வெளியிடுபவர் முன்பு அதிகாரிகளுக்கு ஒரு மின்னஞ்சல் தட்ட வேண்டியிருந்தது. 2021 முதல், வழக்கமான தரப்படுத்தப்பட்ட மறையாக்கம் என்றால் அதுவும் தேவையில்லை. சொந்தமாக ஒரு முறையைக் கண்டுபிடித்திருந்தால் மின்னஞ்சல் உண்டு. மூடிய மென்பொருளை விற்பதும், தடைவிதிக்கப்பட்ட நாட்டுக்கு அனுப்புவதும் தனிக் கணக்கு. சரி, அனுப்பும் நாட்டில் சிக்கலில்லை என்றாலும் பெறும் நாட்டின் இறக்குமதி விதியையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும்.