255க்கு அப்புறம் என்ன?

அலுவலக நெட்வொர்க்கில் எந்தெந்த ஐபி முகவரிகள் (ஒவ்வொரு கணினிக்கும் தரும் எண் முகவரி) பதில் சொல்கின்றன என்று பார்க்க ஒருமுறை பட்டியல் தேவைப்பட்டது. ஸ்ப்ரெட்ஷீட்டில் 192.168.4.1 என்று அடித்து, மூலையைப் பிடித்து 500 வரி கீழே இழுத்துவிட்டேன். 192.168.4.255க்கு அடுத்து 192.168.4.256 வந்து நின்றது. அப்படி ஒரு முகவரியே கிடையாது; புள்ளிகளுக்கு நடுவே வரும் ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரைதான். கடைசியில் இருக்கும் எண்ணோடு ஒன்றைக் கூட்டுவதுதான் ஸ்ப்ரெட்ஷீட்டுக்குத் தெரிந்த வித்தை.

லினக்ஸில் இதற்கென்றே ப்ரிப்ஸ் என்று ஒரு குட்டிக் கருவி உண்டு. கட்டளைகளை அடிக்கும் டெர்மினல் திரையில் முதல் முகவரியையும் கடைசி முகவரியையும் கொடுத்தால், நடுவில் உள்ள அத்தனையையும் வரிக்கு ஒன்றாகக் கொட்டிவிடும். 255 வந்ததும் தடுமாறாமல் 192.168.5.0க்குப் போகும்.

வேடிக்கை என்னவென்றால், இதுவும் ஒன்றைத்தான் கூட்டுகிறது. ஆனால் கூட்டுகிற இடம் வேறு. நமக்கு நான்கு எண்களாகத் தெரியும் இந்த வகை முகவரி (ஐபிவி4 என்பார்கள்), கணினிக்கு 32 பிட், அதாவது 0 அல்லது 1 ஆன 32 இலக்கங்கள், நீளமுள்ள ஒரே எண். புள்ளிகள் நம் கண்ணுக்காக வைத்தவை. 192.168.1.1ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 192ஐ 1,67,77,216ஆலும், 168ஐ 65,536ஆலும், அடுத்த 1ஐ 256ஆலும் பெருக்கி, கடைசி 1ஐயும் சேர்த்தால் 3,23,22,35,777. அதில் ஒன்றைக் கூட்டி, மறுபடி நான்கு துண்டாக வெட்டிப் புள்ளி வைத்தால் அடுத்த முகவரி. நம்பிக்கை வரவில்லையா? ஒரு முகவரி பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்கு டெர்மினலில் 2130706433 என்ற எண்ணைக் கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான கணினிகளில் 127.0.0.1, அதாவது உங்கள் கணினியே, பதில் சொல்லும்.

ஒன்றுதான் கூட்ட வேண்டும் என்றும் இல்லை. ப்ரிப்ஸிடம் 256 கூட்டச் சொன்னால் 10.0.0.0, 10.0.1.0, 10.0.2.0 என்று தாவும்.

தொடக்கமும் முடிவும் தராமல் 10.20.30.64/26 என்றும் எழுதலாம். 1993இல் வந்த முறை இது. முதல் 26 பிட் மாறாது, மிச்சம் 6 பிட் மாறும் என்று பொருள். ஆறு பிட்டில் 64 எண்கள் அடங்கும். ஆக, பட்டியல் 64இல் தொடங்கி 127இல் முடியும். இதில் முதலாவது அந்த நெட்வொர்க்கையே குறிக்கும் முகவரி, கடைசி எல்லோருக்கும் சேர்த்துக் கூப்பிடும் முகவரி. கணினிகளுக்குக் கொடுக்க மிஞ்சுவது 62.

இவ்வளவுதானே, நானே எழுதிவிடுவேன் என்று உட்காருபவர்களுக்கு ஒரு குழி காத்திருக்கிறது. 'முடிவு எண்ணைத் தாண்டாதவரை கூட்டிக்கொண்டே போ' என்று சி மொழியில் 32 பிட் எண்ணை வைத்து எழுதுகிறோம். முடிவு 255.255.255.255 என்றால் என்ன ஆகும்? 32 பிட்டில் அதைவிடப் பெரிய எண் இல்லை. ஒன்று கூட்டியதும் 0.0.0.0க்குத் திரும்பிவிடும், தாண்டவே தாண்டாது. ராட்டினம் மாதிரி நிரல் சுற்றிக்கொண்டே இருக்கும். அச்சிட்ட பிறகு 'இதுதான் கடைசியா?' என்று கேட்டு நிறுத்துவதே சரி.

ஐபிவி4 முழுவதையும் அச்சிட்டாலும் சுமார் 429 கோடி வரிகள். வட்டில் இடமிருந்தால் முடிகிற காரியம். 128 பிட் நீள முகவரிகள் கொண்ட புதிய வகையான ஐபிவி6இல், 64 பிட் மாறும் ஒரு சாதாரண /64 வலையமைப்பை மட்டும், வினாடிக்குப் பத்து லட்சம் வரி வீதம் அச்சிட்டால், முடிக்க ஐந்து லட்சத்து எண்பதாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.