சுங்கம்

புதுச்சேரிக்காரர்களுக்கு இன்று சுங்கம் என்றதும் திண்டிவனம் சாலையில் உள்ள மொரட்டாண்டி சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். அங்கே வாங்குவது சாலைக் கட்டணம். சொல்லின் பழைய பொருள் வேறு: எல்லையோ துறைமுகமோ கடக்கும் சரக்கின் மேல் அரசு போடும் வரி.

வடமொழி 'சுல்க', பிராகிருதத்தில் 'சுங்க' ஆகித் தமிழில் சுங்கம் ஆனது. அதே சொல் 'உல்கு' என்ற உருவத்திலும் தமிழில் உண்டு. அரசனுக்குரிய செல்வங்களில் உல்கு பொருளையும் சேர்க்கிறது குறள் (756). பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர் ஓய்வின்றி உல்கு வாங்கி, சரக்கில் புலி முத்திரை வைக்கிறார்கள்.

நாடுகளுக்கிடையே வணிகம் பெருகியதற்குக் கப்பலையும் கன்டெய்னரையும் காரணமாகச் சொல்வார்கள். அரசர்களும் அரசுகளும் சுங்கத்தில் எடுத்த முடிவுகளுக்கும் அதே அளவு இடம் தர வேண்டும். முதலாம் குலோத்துங்கனுக்கு 'சுங்கம் தவிர்த்த சோழன்' என்றே பெயர். அவன் காலத்தில், 1077இல், 72 பேர் கொண்ட தூதுக்குழு சீனாவுக்குப் போனது. நம் காலத்தில், தீர்வைகளை, அதாவது சுங்க வரிகளை, குறைக்க 1947இல் 23 நாடுகள் 'காட்' (GATT) ஒப்பந்தம் போட்டன. இந்தியாவும் அதில் ஒன்று. 1995இல் ஜெனீவாவைத் தலைமையிடமாகக் கொண்டு உலக வணிக அமைப்பு வந்தது.

இதைப் புரிந்துகொள்ள ஜெனீவா வரை போக வேண்டாம், கடலூர் சாலையே போதும். 1941இல் பிரெஞ்சு இந்தியாவும் பிரிட்டிஷ் இந்தியாவும் சுங்க உடன்பாடு செய்துகொண்டன. 1949இல் அது முறிந்தது. புதுச்சேரியைச் சுற்றிச் சுங்கக் காவல் விழுந்தது. பேச்சும் உறவும் ஒன்றாக இருந்த ஊர்களுக்கு நடுவே சரக்குக்கு மட்டும் எல்லை! 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்த பிறகுதான் அந்தத் தடை போனது.

சுங்கம் குறைந்தால் மட்டும் சரக்கு நகர்ந்துவிடாது, வாங்குகிறவருக்கு அதன் மேல் விருப்பம் வேண்டும். புதுச்சேரியில் அவுரிச் சாயம் தோய்த்த 'கினே' நீலத்துணி செனகல் வரை போனது அப்படித்தான். அங்கே கருவேல இனப் பிசினுக்கு மாற்றாக இந்தத் துணியைத்தான் கேட்டார்கள். அது அவர்கள் உடுத்தும் பழக்கத்தோடு ஒன்றிப்போயிருந்தது.

சரி, இந்த வரியைத் தமிழில் எப்படி எழுதலாம்? 'தீர்' என்ற வினையிலிருந்து வந்த 'தீர்வை' நல்ல சொல். இறக்குமதித் தீர்வை, ஏற்றுமதித் தீர்வை என்று எழுதினால் பொருள் தெளிவாக நிற்கும். இலங்கைத் தமிழர் இன்றும் அப்படித்தான் எழுதுகிறார்கள். துறையின் பெயராகச் சுங்கம் இருக்கட்டும், நன்றாக வேரூன்றிவிட்டது. சாலையில் வாங்குவதை வழிக்கட்டணம் என்போம்.